ஐம்பத்திரண்டு புத்தகமும் பத்தாயிரம் அடியும்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் போதும், கையில் மைக்கும் கஞ்சி போட்ட சட்டையுமாக யாராவது ஒருவர் மேடையேறிவிடுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் ஒருவர் ஏறினார். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பாதிப் பேருக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, வரும் ஆண்டில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்குப் பிரிவு அக்கா, "அம்மாவோட கொஞ்சம் அதிகமா பேசணும்" என்று எழுதியிருந்தார். பேச்சாளர் அந்தத் தாளை வாங்கி உரக்கப் படித்தார். "கொஞ்சம்னா எவ்வளவு மேடம்? வாரத்துக்கு எத்தனை நிமிஷம்? எந்தத் தேதியிலேருந்து?" கூட்டம் சிரித்தது. அக்காவும் சிரித்துக்கொண்டே, எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார்: வாரம் 3 முறை, தலா 20 நிமிடம். பேச்சாளர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். தட்டினோம். நானும்தான்.

அந்தக் கைதட்டலை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

நான் மறுக்க வரும் கருத்து ஊரறிந்தது. எண்ணும் கெடுவும் இல்லாதது இலக்கே ஆகாது என்பார்கள். "உடம்பைப் பார்த்துக்கணும்" என்றால் அது ஆசை; "ஜூன் 30-க்குள் 8 கிலோ குறைப்பேன்" என்றால்தான் இலக்கு. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் தன்முன்னேற்ற நூல்கள் இதைத்தான் சொல்கின்றன. பள்ளிக்கூடத்துக் காலை வணக்கக் கூட்டத்தில் சிறப்பு விருந்தினர் இதைத்தான் சொல்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பும் விடியல் படத்திலும், சூரியனுக்குக் கீழே இதுவே எழுதியிருக்கிறது.

இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தன்னையே ஏய்த்துக்கொள்வதில் மனிதனைப் போலக் கெட்டிக்காரன் கிடையாது. "முடிஞ்சா", "பார்க்கலாம்", "கொஞ்சம் கொஞ்சமா" என்ற மூன்று சந்துகளுக்குள் புகுந்து ஒரு முழு வருஷத்தையும் கடத்திவிடுவான். எண் அந்தச் சந்துகளை அடைக்கிறது. ஏப்ரலில் எடைமேடையில் ஏறினால் பொய் சொல்ல முடியாது. இந்தக் கட்சியின் உண்மையான பலம் இது ஒன்றுதான். மேடையில் அவர்கள் அடுக்கும் மற்ற ஆதாரங்களோ, தொட்டால் உதிர்கிற ரகம்.

முதல் ஆதாரம், ஏல் பல்கலைக்கழகக் கதை. நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1953-இல் பட்டம் பெற்ற மாணவர்களில் 3 சதவீதத்தினர் மட்டும் தங்கள் இலக்கை எழுதி வைத்திருந்தார்களாம். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், மீதி 97 சதவீதத்தினரின் சொத்தை மொத்தமாகக் கூட்டினாலும் அந்த 3 சதவீதத்தினரின் சொத்துக்கு ஈடாகவில்லையாம். எங்கள் பேச்சாளரும் இதைச் சொன்னார், கொஞ்சம் குரல் தழுதழுக்கவே சொன்னார். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. 1996-இல் 'ஃபாஸ்ட் கம்பெனி' என்ற அமெரிக்க இதழ் இதன் வேரைத் தேடிப் போனது. புகழ்பெற்ற பேச்சாளர்கள் ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார்கள். ஏலில் விசாரித்தபோது அங்கே யாருக்கும் அப்படியொரு ஆய்வைப் பற்றித் தெரியவில்லை. கதை அம்பலமாகிப் பல ஆண்டு ஆகிவிட்டது, இன்னும் மேடையில்தான் இருக்கிறது. சில ஊர்களில் ஏலுக்குப் பதில் ஹார்வர்ட் என்று பெயர் மட்டும் மாறும்.

இரண்டாவது, "21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்பது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். 1960-இல் வந்த தன் நூலில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிய முகம் பழகுவதற்கே நோயாளிக்குக் குறைந்தது 21 நாள் பிடிக்கிறது என்று தான் கண்டதை எழுதினார். 'குறைந்தது' காணாமல் போனது, முகமும் காணாமல் போனது, எண் மட்டும் தங்கிவிட்டது. பிற்பாடு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைத் தொடர்ந்து கவனித்துப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பழக்கம் தானாக வரும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசமோ 18 நாளிலிருந்து 254 நாள் வரை! இப்படி விரிகிற ஒன்றின் தலையில் ஒற்றை எண்ணைக் கட்டித் தொங்கவிடுவதில் என்ன அறிவியல் இருக்கிறது?

போகட்டும். மூன்றாவதுதான் முக்கியம். 'ஸ்மார்ட்' (SMART) இலக்கு என்ற ஐந்தெழுத்துச் சூத்திரம், எழுத்துக்கு ஓர் அம்சம்.

இந்தச் சூத்திரம் எங்கே பிறந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி மயக்கம் தெளிந்துவிடும். 1981 நவம்பரில் 'மேனேஜ்மென்ட் ரிவ்யூ' என்ற நிர்வாக இதழில் ஜார்ஜ் டோரன் எழுதிய சிறு கட்டுரை அது. அவர் வாஷிங்டன் வாட்டர் பவர் என்ற மின் நிறுவனத்தில் திட்டமிடல் பிரிவின் இயக்குநராக இருந்தவர். மேலாளர்கள் தங்கள் துறைக்கான குறிக்கோள்களை உருப்படியாக எழுதக் கற்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை. கட்டுரையில் அம்மாவோடு பேசுவது இல்லை, கர்நாடக சங்கீதம் இல்லை, கோபத்தைக் குறைப்பது இல்லை. அது மட்டுமா? ஐந்து அம்சமும் எல்லாக் குறிக்கோளிலும் இருந்தாக வேண்டும் என்பதில்லை, சில பொறுப்புகளில் எண்ணால் அளக்க முயல்வதே நடைமுறைக்கு ஒத்துவராது என்று டோரனே அதில் எழுதியிருக்கிறார். ஆக, மூலவர் விட்டுவைத்த இடத்தையும் பூசாரிகள் அடைத்துவிட்டார்கள்.

அந்த ஐந்தெழுத்தில் நடு எழுத்தான 'A'-வுக்கு நேர்ந்ததுதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. இன்று அதற்கு 'எட்டக்கூடியது' என்று பொருள் சொல்கிறார்கள். டோரன் எழுதியது வேறு. யார் செய்யப் போகிறார் என்று குறிப்பிடு, வேலையை ஒருவரிடம் ஒப்படை என்பதே அவர் சொன்னது. சொந்த வாழ்க்கை இலக்குக்கு அது தேவையில்லை, செய்யப் போவது நான்தானே என்று அதை மாற்றிவிட்டார்கள்போல. ஆனால் நம் வீடுகளில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: யார் செய்வது?

விடிகாலை ஐந்து மணிக்கு எழும் ஆண்களின் பெருமையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 2018-இல் ராபின் சர்மாவின் 'தி 5 ஏஎம் கிளப்' புத்தகம் வந்த பிறகு அதற்கு ஒரு சங்கப் பெயரும் கிடைத்துவிட்டது. ஒருவர் ஐந்து மணிக்கு எழுந்து கடற்கரையில் ஓடிவிட்டு, ஆறரைக்கு வந்து தியானம் செய்து, ஏழு மணிக்கு நாள்குறிப்பு எழுதுகிறார். நல்லதுதான். அந்த இரண்டு மணி நேரத்தில் அந்த வீட்டில் பால் காய்ந்திருக்கிறது, மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பியிருக்கிறது, பிள்ளையை எழுப்பிப் பல்துலக்க வைத்து, இரண்டு டிபன் பாக்ஸ் கட்டியாகிவிட்டது. அவருடைய அட்டவணையில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. என் அம்மா நாற்பது வருஷம் நாலரை மணிக்கு எழுந்தார். அதை யாரும் இலக்கு என்று சொன்னதில்லை. அதற்கென்று புத்தகமும் வரவில்லை.

இன்னொரு வகையும் உண்டு. அதில் வேலை ஒப்படைக்கப்படுகிறது, ஆனால் பிள்ளையின் தலையில். "இந்த வருஷம் எங்க டார்கெட் நீட்ல 650" என்று ஒரு தகப்பனார் கல்யாண மண்டபத்தில் என்னிடம் சொன்னார். 'எங்க' என்றாரே தவிர, பரீட்சை எழுதப் போவது அவர் இல்லை. 720-க்கு 650. அளவிடக்கூடியது, தேதி குறித்தது, குழப்பமே இல்லாதது. சூத்திரப்படி பழுதில்லாத இலக்கு. பையன் அந்தப் பக்கம் நின்று ஐஸ்கிரீமைத் தின்னாமல் கிளறிக்கொண்டிருந்தான்.

இப்போது எதிர்க்கட்சியின் நல்ல ஆயுதத்துக்கு வருகிறேன். எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் இலக்கு பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். அவர்கள் வேலை ஏல் கதை மாதிரி கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரி ஓட்டுநர்களிடம் லேதம் நடத்திய சோதனை 1975-இல் வெளிவந்தது. சட்டம் அனுமதித்த எடையில் 60 சதவீத அளவுக்கே அவர்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 'முடிந்த அளவு ஏற்றுங்கள்' என்று சொன்னவரை அப்படித்தான். 94 சதவீதம் என்று எண்ணைக் குறித்துக் கொடுத்ததும், சில மாதங்களில் 90 சதவீத அளவுக்கு ஏறிவிட்டது. கூடுதல் கூலி கிடையாது, மிரட்டலும் கிடையாது. எண் வேலை செய்தது.

செய்யத்தான் செய்யும். மரம் ஏற்றத் தெரிந்தவனுக்கு இன்னும் எவ்வளவு ஏற்றலாம் என்று சொன்னால் போதும். அந்த வேலையில் கற்க ஏதும் மிச்சமில்லை, இருந்ததெல்லாம் மெத்தனம். கடன் தவணை, சர்க்கரை அளவு, வாரத்தில் எத்தனை நாள் குடிக்காமல் இருந்தேன் என்பது போன்றவற்றில் நானும் எண்ணின் கட்சிதான். என் மருத்துவர், "சர்க்கரையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று மட்டும் சொல்லியனுப்பினால் நான் மருத்துவரை மாற்றிவிடுவேன்.

புதிதாக ஒன்றைக் கற்கிறவன் கதை வேறு. 1989-இல் கான்ஃபர், ஆக்கர்மன் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க விமானப்படையில் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு விமானங்களை இறக்கும் கட்டுப்பாட்டு வேலையைக் கணினியில் கொடுத்தார்கள். வேலை பிடிபடாத ஆரம்பக் கட்டத்திலேயே எண்ணிக்கை இலக்கைக் கொடுத்தபோது ஆட்டம் தடுமாறியது. கவனத்தில் ஒரு பங்கை எண்ணே தின்றுவிட்டது. கற்பதற்கு மிஞ்சியது குறைவு. கடினமான, புதிய வேலையில் இப்படி நேரும் என்பதை லாக்கும் லேதமும் மறைக்கவில்லை, தங்கள் எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறார்கள். அவர்கள் பெயரைச் சொல்லிப் பிழைக்கிற மேடைதான் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

புத்தாண்டில் மனிதர்கள் விரும்புகிறவற்றை எண்ணிப் பாருங்கள். வீணை கற்க வேண்டும். மனைவியிடம் எரிந்து விழாமல் இருக்க வேண்டும். அப்பா போன பிறகு வெறிச்சோடிக் கிடக்கும் வீட்டில் வாழப் பழக வேண்டும். இவற்றில் எது மரம் ஏற்றுவது? எல்லாம் கற்கிற வேலை. அதிலும் பலவற்றுக்கு வாத்தியாரே கிடையாது.

நம் ஊர்த் தொழில்களில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. எங்கள் தெருமுனைத் தையல்கடையில் ஒரு பையன் காஜா எடுக்கச் சேர்ந்தான். முதலில் காஜா, பட்டன், பிறகு ஓரம் மடிப்பது, அப்புறம்தான் மெஷின், கடைசியில் கட்டிங். "எப்பண்ணே கட்டிங் சொல்லித் தருவீங்க?" என்று அவன் கேட்கும்போதெல்லாம் மாஸ்டர் சொல்வது ஒன்றே: "கை வரட்டும்." மழுப்பல் என்று நீங்கள் நினைக்கலாம், நானும் நினைத்தேன். பிறகு கவனித்தேன்: மாஸ்டருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. நூல் இழுக்கும்போது துணி சுருங்குகிறதா, கத்திரி துணிமேல் தயங்குகிறதா, வாடிக்கையாளர் தோள் ஒரு பக்கம் இறங்கியிருப்பதைப் பையன் டேப் வைக்கும் முன்பே கவனிக்கிறானா. எண் இல்லையே தவிர, அளவுகோல் இருந்தது. அந்த அளவுகோல் மாஸ்டரின் கண்ணில் இருந்தது. மெல்ல மெல்லப் பையனின் கண்ணுக்கு இடம் மாற வேண்டும். அந்த இடமாற்றத்துக்குப் பெயர்தான் கை வருவது. மார்ச் 31-க்குள் என்று தேதி போட்டிருந்தால் ஏப்ரல் முதல் தேதி யாரோ ஒருவரின் பிளவுஸ் துணி பாழாகியிருக்கும். (அதே கடையில் தீபாவளிக்கு உருப்படிக் கணக்குத்தான், ராத்திரி பகல் பாராமல். கூலிக்கு எண் வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.)

எண்ணின் கட்சி இங்கே ஒரு கேள்வி கேட்கும்: எண்ணை வைத்துக்கொண்டே இதையெல்லாம் செய்யலாமே, எண் என்ன கெடுதல் செய்கிறது? நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஒரு வருஷம் 52 புத்தகம் படிப்பதென்று முடிவு செய்தேன். வாரம் ஒன்று. 'குட்ரீட்ஸ்' தளத்தில் 2011-இலிருந்து இப்படி ஒரு சவால் நடக்கிறது. வருஷ ஆரம்பத்தில் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், நீங்கள் எத்தனை புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று அதுவே சொல்லிக்கொண்டிருக்கும். மார்ச் வரை நன்றாகத்தான் போனது. ஏப்ரலில் ஒரு பெரிய ரஷ்ய நாவலைக் கையிலெடுத்தேன். இரண்டாவது வாரமே இரண்டு புத்தகம் பின்தங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. நாவலை மூடி வைத்தேன். அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தொண்ணூறு பக்கக் குறுநாவல்களாகத் தேடித் தேடி எடுத்தேன். கவிதைத் தொகுப்பு என்றால் அரை மணியில் முடியும், ஆகவே கவிதை. முன்பு படித்தவற்றையும் மேலோட்டமாகப் புரட்டிவிட்டுக் கணக்கில் ஏற்றினேன். டிசம்பர் 29 அன்று 52-ஐ முடித்தேன். அந்த ஆண்டு படித்ததில் ஒரு வரிகூட இப்போது நினைவில் இல்லை. ஏப்ரலில் மூடிய நாவலில் பனிக்குள் வண்டி புதைந்து நிற்கும் இடம் மட்டும் நினைவிருக்கிறது. எண்ணை எட்டிவிட்டேன், படிப்பதை விட்டுவிட்டேன். இரண்டும் ஒரே வருஷத்தில், ஒரே முயற்சியில்.

இது என் பலவீனம் மட்டும்தான் என்றால் கட்டுரையாக எழுதியிருக்க மாட்டேன். எண் வந்து உட்கார்ந்ததும் தான் எதற்குப் பதிலாள் என்பதை மறந்துவிடுகிறது, நாமும் மறந்துவிடுகிறோம். பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிற கைக்கடிகாரங்களைப் பாருங்கள். இரவு பதினொன்றரைக்கு ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையே குறுக்கும் நெடுக்கும் நடக்கும் ஆட்களை நான் அறிவேன். ஒருவர் உட்கார்ந்து டிவி பார்த்தபடியே கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவமனையிலும் பிறந்ததில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் சூட்டில், 1965-இல் யமாசா என்ற ஜப்பானியக் கடிகார நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. பெயர் 'மான்போ-கே', அதாவது பத்தாயிரம் அடி மானி. விளம்பரத்துக்கு வைத்த பெயர், உலகத்துக்கே உடற்பயிற்சி விதியாகிவிட்டது. 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. நாளுக்கு 2,700 அடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களின் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500-க்கு மேல் நடந்ததால் அந்தக் கணக்கில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆறாயிரம் அடி நடந்து, தோற்றுவிட்டோம் என்று படுக்கைக்குப் போன எத்தனை பாட்டிகளுக்கு இதை யார் போய்ச் சொல்வது?

இந்த இடத்தில் ஒரு கும்பல் எழுந்து எனக்குக் கைகொடுக்க வரும் என்று தெரியும். "அதான் சார் நாங்களும் சொல்றோம். புத்தாண்டுத் தீர்மானமெல்லாம் சும்மா. பிப்ரவரி தாண்டாது." அவர்கள் கையை நான் பற்றப் போவதில்லை. பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் நார்கிராஸ் 1980-களில் தீர்மானம் எடுத்த 200 பேரைத் தொடர்ந்து கவனித்தார். ஒரு வாரத்தில் 77 சதவீதத்தினர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள், ஆறு மாதத்தில் 40, இரண்டு ஆண்டில் 19. இரண்டு ஆண்டு கழித்தும் ஐந்தில் ஒருவர்! இதைத் தோல்வி என்று பேசுகிறவர்கள் மனிதனைப் பார்த்ததே இல்லை. பின்னர் 2002-இல் வந்த இன்னோர் ஆய்வில், அதே மாற்றத்தை விரும்பியும் தீர்மானம் எடுக்காதவர்களையும் சேர்த்து ஒப்பிட்டார். ஆறு மாதத்தில் தீர்மானம் எடுத்தவர்களில் 46 சதவீதத்தினர் தேறினார்கள். எடுக்காதவர்களில் 4 சதவீதம்தான். ஒரு நாளைக் குறித்து, இனி இப்படி என்று சொல்லிக்கொள்வதற்குப் பலம் உண்டு. அதை நான் கேலி செய்ய மாட்டேன். சந்தேகமெல்லாம், அந்தச் சொல்லை எண்ணாக மாற்றினால்தான் பலம் என்பதில்.

அந்தச் சந்தேகத்துக்கும் ஆதாரம் உண்டு. சுவீடனில் 1,066 பேரை வைத்து ஓராண்டு நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்கு ஏறக்குறைய ஒன்றும் சொல்லித்தரவில்லை. இன்னொன்றுக்குக் கொஞ்சம் உதவி. மூன்றாவதற்குத்தான் விருந்து: ஸ்மார்ட் சூத்திரப்படி இலக்கை எழுதுவது, இடைக்கட்ட இலக்குகள் வைப்பது எல்லாம். யார் அதிகம் தேறினார்கள்? கொஞ்சம் உதவி பெற்ற நடுப்பிரிவு. சூத்திரக்காரர்கள் அவர்களை எட்டவில்லை. எனக்குத் தோன்றும் காரணம் எளியது: இடைக்கட்டம் வைக்க வைக்கத் தவறவிடும் இடங்களும் பெருகுகின்றன. பத்து மைல்கல் நட்டால் பத்து இடத்தில் தோற்கலாம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: 'இதை விடுவேன்' என்றவர்களைவிட 'இதைச் செய்வேன்' என்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள், 47-க்கு 59 என்ற அளவில். எது உதவியது என்று பாருங்கள். தீர்மானத்தை எந்தத் திசையில் சொன்னார்கள் என்பது.

நம் மண்ணில் தீர்மானத்துக்கு வேறு பெயர் உண்டு, விரதம். ஜனவரி முதல் தேதி விழுவதே மார்கழியின் நடுவில். வாசலில் கோலமும் தெருவில் பஜனையும் நடக்கும் நோன்பு மாதத்தில். அதற்குச் சற்று முன்னால் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். என் சித்தப்பா ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தவர், வாயைத் திறந்தால் வசவு. மாலை போட்ட நாளிலிருந்து அவர் எல்லோருக்கும் சாமி, எல்லோரும் அவருக்குச் சாமி. எச்சில் ஊறும் வசவை விழுங்கிக்கொண்டு, "சாமி, கொஞ்சம் வண்டியை ஓரமா எடுங்க சாமி" என்பார். செருப்பில்லை, பாயில்லை, தலையணையில்லை, இரண்டு வேளை பச்சைத் தண்ணீரில் குளியல். 41 நாள்.

ஆகா, 41 என்கிற எண் வந்துவிட்டதே என்று பிடித்துக்கொள்வார்கள். பிடிக்கட்டும். அந்த 41 வேலி. வேலிக்குள் என்ன விளைந்தது என்பதை அது அளப்பதில்லை. போன வருஷத்தைவிட இந்த வருஷம் 12 சதவீதம் கூடுதல் பக்தி என்று எந்தக் குருசாமியும் தாள் நீட்டியதில்லை. ஒரு மண்டலத்துக்கு நீ வேறு ஆளாக இருந்து பார், அவ்வளவுதான் கேட்பது. வேறு ஆளாக இருக்க எப்படி உடுப்பது, எப்படிப் பேசுவது, எங்கே படுப்பது என்பதெல்லாம் கையில் கொடுக்கப்படுகிறது. அதோடு, தனியாக விடுவதும் இல்லை. வீடே விரதம் இருக்கிறது. சுமை அங்கேயும் பெண்கள் மேல்தான் விழுகிறது, அதை நான் மெழுக மாட்டேன். சித்தி விடியலுக்கு முன் தலைக்குக் குளித்துச் சமைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இருமுடி கட்டும்போது சித்தப்பா சித்தியின் முன் நின்று கண் கலங்குவார். யாருடைய உழைப்பில் மலையேறப் போகிறோம் என்பது அங்கே மறைபொருள் இல்லை. மாலையைக் கழற்றிய மறுநாள் வசவு திரும்பிவிடும். சிலர் டாஸ்மாக்குக்கே நேராகப் போவார்கள். அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் சித்தப்பா பதினெட்டு வருஷம் மலைக்குப் போனார். கடைசி ஐந்தாறு வருஷம் தை மாசத்திலும் வசவு பழைய சூட்டில் திரும்பவில்லை. எந்த வருஷத்தில் மாறினார் என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். எனக்கும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஒரு தீர்மானத்துக்கு எண்ணைத் தவிர வேறு எலும்புகளும் இருக்க முடியும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்: ஓர் உடை, ஒரு விளிச்சொல், பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெரியவர், கூட நடக்க நாலு பேர், முடிவதற்கு ஒரு நாள். இவை இருந்தால் 'கொஞ்சம்', 'முடிஞ்சா' என்ற சந்துகள் தாமாக அடைபடுகின்றன.

கணக்குப் பிரிவு அக்காவிடம் வருகிறேன். அவர் சொன்னபடி செய்தார். வாரம் மூன்று முறை, 20 நிமிடம். எக்செல்லில் ஒரு தாள் போட்டு, பேசிய நாளெல்லாம் பச்சை அடித்தார். அம்மா ராஜபாளையம் பக்கத்தில் தனியாக இருந்தார். மூன்றாவது வாரமே அம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது. பதினெட்டு, பத்தொன்பது நிமிஷம் ஆகும்போது மகளின் குரலில் ஏதோ மாறுகிறது என்று. "சரிடி, உனக்கு நேரமாச்சு போலிருக்கு, வச்சிடு" என்று தானே முடிக்கத் தொடங்கினாராம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார், அன்று மேடை முன்னால் சிரித்தாரே, அதே மாதிரி.

ஆகஸ்டில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அக்கா லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய் இருபத்திரண்டு நாள் கூடவே இருந்தார். தலை வாரிவிட்டிருக்கிறார், சோறு பிசைந்து ஊட்டியிருக்கிறார், மின்சாரம் போன இரவுகளில் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து, அக்கா பிறப்பதற்கு முன் செத்துப்போன ஒரு பெரியம்மாவைப் பற்றி விடிய விடியப் பேசியிருக்கிறார்கள். வருஷக் கடைசியில் அதே பேச்சாளர் வருவதாக இருந்தது. எல்லோரையும் போன வருஷத் தாளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அக்கா தன் எக்செல் தாளை அச்செடுத்து என் மேசையில் வைத்தார். ஜனவரியிலிருந்து ஜூலை வரை ஏறக்குறைய பச்சை. ஆகஸ்டில் மூன்று வாரம் காலி. அந்த மூன்று வாரத்தில் அவர் அம்மாவுக்கு ஒரு ஃபோன்கூடச் செய்யவில்லை.